மணி எப்போது அடிக்க வேண்டும்?

கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே விடுதி வாழ் நண்பர்களுக்கு முகம் சுருங்கும். இரவு பத்து மணிக்கு அறை அறையாக எட்டிப் பார்க்கும் காப்பாளரின் உருவம் உடனே கண்முன் வரும். ஆயினும் கண்காணிப்பதிலும் ஒரு கலை உண்டு. எதைக் கண்டால் குரல் கொடுப்பது, எதைக் கண்டும் காணாததுபோல் விடுவது என்பதே அக்கலை. ஒவ்வோர் இருமலுக்கும் விளக்கைப் போட்டுக் கூச்சலிடும் காப்பாளரின் குரலை மூன்றாம் நாள் எவரும் பொருட்படுத்தார். நான்காம் நாள் உண்மையாகவே தீப்பற்றிக்கொண்டால் அவர் என்ன செய்வார்?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக் கட்டுப்பாட்டு அறைகளில் இரவு பகலாக விழித்திருக்கும் ஒரு கருவியைப் பற்றி எழுதுகிறேன். தொழிலில் அதனைப் ‘புரோப்’ என்பர். வலைப்பின்னல் வழியே ஓடும் ஒளிபரப்பு ஓடைகளைத் தொட்டுப் பார்த்து, கெட்டால் மணி அடிக்கும் கருவி அது. பட்டம் பெற்ற பிறகு நம்மில் பலர் இப்பெங்களூரிலேயே ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டு அறையில் இரவுப் பணி பார்க்கப் போகிறோம். ஆகவே இது பிறர் கதை அன்று.

2013 மார்ச்சு 31-ஆம் நாளை எடுத்துக்கொள்வோம். பெங்களூர், மைசூர், கோயம்புத்தூர் உள்ளிட்ட 38 நகரங்களில் பழைய கேபிள் தொலைக்காட்சி முறையைக் கைவிட்டு எண்ணியல் முறைக்கு மாறுவதற்கு நடுவண் அரசு குறித்த நாள் அது. சென்னையும் மற்ற மூன்று பெருநகரங்களும் 2012-இன் முதற்கட்டத்திலேயே இடம்பெற்றிருந்தன. அன்று முதல் வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. படம் தெளிந்தது. அலைவரிசைகள் பெருகின. அலசூரிலும் சிறீராமபுரத்திலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் தமிழ் அலைவரிசைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டன.

ஆனால் அன்றைக்கே நோயின் இயல்பும் மாறிவிட்டது. பழைய முறையில் குறை படிப்படியாக வளரும். முதலில் படத்தில் பனி பெய்வதுபோல் புள்ளிகள் தோன்றும். பிறகு நிழல் விழும். பிறகுதான் படம் மங்கும். பார்ப்பவர் பொறுத்துக்கொண்டே பார்ப்பார். கேபிள்காரரும் ஓய்வாக வந்து இணைப்பை இறுக்கிவிட்டுப் போவார். எண்ணியல் முறையில் அந்த இடைக்காலம் ஏறக்குறைய இல்லை. ஓடையில் உள்ள பிழை ஓர் அளவுவரை கண்ணுக்கே புலப்படாது. அந்த அளவைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடையும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். நேற்றுவரை நடமாடியவர் இன்று சாய்வதைப் போன்றது இது. ஆகையால் கண்ணால் பார்த்துக் காப்பது இயலாது. எண்களைப் பார்த்தே காக்க வேண்டும்.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். படமும் ஒலியும் 188 பைட்டு அளவுள்ள சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. (நம் மளிகைக் கடைச் சொல் இங்கே எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!) ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் பைட்டும் 71 என்னும் ஒரே எண்ணாக இருக்கும், இங்கே பொட்டலம் தொடங்குகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்து, அது எந்த ஓடைக்கு உரியது என்னும் எண் இருக்கும். பிறகு 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி வரும் ஒரு வரிசை எண். ஏழுக்குப் பின் எட்டு வராமல் ஒன்பது வந்தால் நடுவே ஒன்று தொலைந்தது என்று பொருள். ஒரு வேடிக்கை: சரியாகப் பதினாறு பொட்டலங்கள் தொலைந்தால் வரிசை கெடாததுபோலவே தோன்றும்! கணக்குப் பிள்ளையை ஏய்க்கும் கணக்கு.

வலைப்பின்னலில் அனுப்பும்போது இப்பொட்டலங்கள் ஏழினை ஒரு மூட்டையாகக் கட்டுவர். 7 × 188 = 1316 பைட்டு. ஒரு நேரத்தில் 1500 பைட்டு வரை ஏற்றிச் செல்லும் ஈதர்நெட் வண்டியில் எட்டாவது பொட்டலத்துக்கு இடமில்லை. மூட்டை ஒன்று வழியில் விழுந்தால் ஏழும் போயின. திருப்பி அனுப்பு என்று கேட்கும் வழக்கம் இம்முறையில் பொதுவாக இல்லை, யூ.டி.பி. என்னும் நெறி அனுப்பிவிட்டு மறந்துவிடும் நெறி.

இப்போது ஒரு சிறு கணக்கு. வினாடிக்கு 40 இலட்சம் பிட்டு வேகத்தில் ஓடும் ஓர் அலைவரிசையை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் வினாடிக்கு 380 மூட்டைகள் போகும். பத்தாயிரத்துக்கு ஒரு மூட்டை தொலைகிறது என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறி வலைப்பின்னலில் பழகியவர், ‘நூற்றுக்கு 0.01 தானே, இது ஒரு குறையா?’ என்பார். வகுத்துப் பாருங்கள்: 26 வினாடிக்கு ஒரு முறை படம் உடையும். அந்த வீட்டில் நாடகம் பார்க்கும் அம்மாவிடம் 0.01 என்று சொல்லிப் பாருங்கள்! பத்து இலட்சத்துக்கு ஒன்று தொலைந்தால் ஏறத்தாழ 44 நிமிடத்துக்கு ஒரு குறை. அதைப் பலர் பொறுப்பர். இழப்பு வீதத்தைப் பார்த்து வரம்பு வைப்பவனுக்கும், பார்ப்பவரின் மாலைப்பொழுதை எண்ணி வரம்பு வைப்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அடுத்த கேள்வி: கருவியை எங்கே வைப்பது? இதற்குக் காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. கர்நாடகத்திலிருந்து தமிழகத்துக்கு வரும் நீரை நடுவண் நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கிறது. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீரை அந்த இடத்தில்தான் கணக்கிடச் சொன்னது. ஏன் கிருஷ்ணராஜசாகரத்தில் அளந்தால் போதாது? ஏன் மேட்டூரில் மட்டும் அளந்தால் போதாது? ஒரு கை விட்டு மறுகை ஏற்கும் இடத்தில் அளந்தால்தான் வழக்கு தீரும்.

கேபிள் தொழிலிலும் கைகள் பல. வானிலுள்ள செயற்கைக்கோளிலிருந்து பெரிய கிண்ண அலைவாங்கி ஓடையை இறக்குகிறது. கட்டுப்பாட்டு அறையில் அது மாற்றிக் கட்டப்படுகிறது; கட்டண அலைவரிசையானால் பூட்டப்படுகிறது; கண்ணாடி இழை வழியே பகுதிக்குப் பகுதி போகிறது; கடைசியில் தெருக் கேபிள்காரரின் கைக்கு வருகிறது. ஒவ்வொரு கைமாற்றிலும் ஒரு புரோப் இருந்தால், முதலாவது கருவியில் ஓடை நன்றாக இருந்து மூன்றாவதில் கெட்டிருப்பதைக் கண்டு, குறை இரண்டுக்கும் நடுவே என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அறை முழுவதற்கும் ஒன்றே வாங்கக் காசு இருந்தால்? என்னைக் கேட்டால் ஓடை நம் கையை விட்டுப் போகும் வாயிலில் வைக்கச் சொல்வேன். இல்லையேல் தெருவில் நிற்கும் அந்தக் கேபிள்காரர்தான் வீடுதோறும் ஏச்சு வாங்குவார். எங்கோ ஒரு சுவிட்சு செய்த குற்றத்துக்கு அவர் ஏணி தூக்கிக்கொண்டு மழையில் அலைவதை நான் குடியிருந்த தெருவிலேயே கண்டிருக்கிறேன்.

கருவியை இணைப்பதில் பெரிய மருமம் ஒன்றும் இல்லை. அதற்கு இரு வாயில்கள் இருக்கும்: ஒன்று ஓடையை வாங்க, மற்றொன்று நாம் அதனோடு பேச. இரண்டையும் ஒரே வலையில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், வலை நெரியும்போது மணியோசையும் அதே நெரிசலில் சிக்கிவிடும். ஓடைகள் பெரும்பாலும் மல்டிகாஸ்ட் முறையில் வரும். 239 என்று தொடங்கும் முகவரிகளை இதற்கு வழங்குவது மரபு. கேட்பவருக்கே சுவிட்சு ஓடையைத் திறந்துவிடும். ஆகவே புரோபும் ஒரு செட்டாப் பாக்ஸ்போலவே, ‘இந்த முகவரியின் ஓடை எனக்கும் வேண்டும்’ என்று கேட்க வேண்டும். பெயர், முகவரி, வாயில் எண், எதிர்பார்க்கும் வேகம் ஆகியவற்றை ஒவ்வோர் ஓடைக்கும் எழுதிக் கொடுக்கிறோம். பெயரை மட்டும் சோம்பலின்றி எழுதுங்கள். ‘ஓடை 47 நின்றது’ என்று நள்ளிரவில் செய்தி வந்தால் யாருக்கு என்ன புரியும்?

இனி வரம்புகள். இங்கே நமக்கு ஒரு நல்ல வழிகாட்டி உண்டு. ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனம் 1997-இல் முதலில் வெளியிட்டு, இன்று டி.ஆர். 101 290 என்ற பெயரால் வழங்கும் அளவீட்டு நெறி அது. குறைகளை மூன்று வரிசையாகப் பிரிக்கிறது. முதல் வரிசையில் உள்ளவை, இவை கெட்டால் படமே வராது என்னும் தரத்தவை: தொடக்க அடையாளம் தொலைதல், வரிசை எண் கெடுதல், ஓடையின் பொருளடக்க அட்டவணை அரை வினாடிக்குள் மீண்டும் வராமை முதலியன. இரண்டாம் வரிசையில் கடிகாரம், பிழைச் சரிபார்ப்பு போன்றவை. மூன்றாம் வரிசையில் நிகழ்ச்சி விவரம் முதலிய துணைச் செய்திகள். முதல் வரிசைக்கு ஆளை எழுப்பும் மணி. இரண்டாவதற்குத் திரையில் மஞ்சள் விளக்கு. மூன்றாவதற்குக் காலையில் படிக்கும் குறிப்பேடு. இது நெறி சொல்வதன்று, என் பங்கீடு.

வழிகாட்டியை அப்படியே பெயர்த்தெழுதினால் வரும் கேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுகிறேன். ஓடைக்குள் ஒரு கடிகாரக் குறிப்பு வந்துகொண்டே இருக்கும், பி.சி.ஆர். என்பர். வீட்டுப் பெட்டி தன் கடிகாரத்தை இதைக் கொண்டே திருத்திக்கொள்கிறது. குறிப்பின் துல்லியம் 500 நானோ வினாடிக்குள், அதாவது ஒரு வினாடியை இருபது இலட்சம் கூறாக்கினால் ஒரு கூற்றுக்குள், இருக்க வேண்டும் என்பது விதி. இவ்விதி குறிப்பைப் பொறிக்கும் இடத்துக்குப் பொருந்தும். ஆனால் பல சுவிட்சுகளைத் தாண்டி வந்த ஓடையில், மூட்டை வந்துசேர்ந்த நேரத்தையும் சேர்த்து அளந்தால், ஆட்டம் மில்லி வினாடிக் கணக்கில் இருக்கும். அங்கேயும் 500 நானோ வினாடி என்று வரம்பு குறித்தவனுக்கு மணி ஓயவே ஓயாது. ஒரே எண், ஓரிடத்தில் அறிவு, மற்றோரிடத்தில் அறியாமை.

வலையின் ஆட்டத்தை அளக்க வேறு கோல் உண்டு. 2006-இல் ஆர்.எப்.சி. 4445 என்னும் ஆவணமாக வெளிவந்த ஊடக வழங்கல் குறியீடு அது. இரண்டே எண்கள். முதலாவது, ஓடை வரும் வேகமும் வடியும் வேகமும் ஒவ்வாமையால் எத்தனை மில்லி வினாடி அளவுக்குத் தேக்கம் வேண்டும் என்று சொல்வது. இரண்டாவது, வினாடிக்கு எத்தனை பொட்டலம் தொலைந்தது என்பது. இரண்டாவதற்கு வரம்பு எளிது: சுழியத்துக்கு மேல் எதுவும் குறையே. முதலாவதில்தான் சிந்தனை வேண்டும். நம் 40 இலட்சம் பிட்டு ஓடையில் இரு மூட்டைகளுக்கு இடையே இயல்பாகவே 2.6 மில்லி வினாடி இடைவெளி உண்டு. ஆகவே குறியீடு அதற்குக் கீழே இறங்கவே இறங்காது. உயர்தர அலைவரிசையின் வேகம் இரு மடங்கானால் இடைவெளி பாதியாகும். எல்லா ஓடைக்கும் ஒரே வரம்பு என்பது ஒன்றாம் வகுப்பு மாணவனுக்கும் முதுகலை மாணவனுக்கும் ஒரே வினாத்தாள் கொடுப்பதை ஒக்கும்.

அப்படியானால் எண் எங்கிருந்து வரும்? ஓடையிடமே கேட்க வேண்டும். கருவியை இணைத்து, மணியை முழுதும் அணைத்துவிட்டு, ஒரு வாரம் வெறுமனே பதிவு செய்ய விடுங்கள். ஞாயிறும் வர வேண்டும். கிரிக்கெட்டு ஆட்டம் உள்ள மாலையும் வர வேண்டும். பெங்களூரின் இடிமழை ஒன்று வாய்த்தால் மிக நன்று. ஆட்டம் எப்போதும் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடையே இருந்தது, வீட்டுப் பெட்டியின் தேக்கம் நூறு வரை தாங்கும் என்று கண்டால், இருபதில் முன்னெச்சரிக்கை, அறுபதில் மணி என்று வைக்கலாம். கீழ் வரம்பு நம் ஓடையின் பழக்கத்திலிருந்தும், மேல் வரம்பு பெட்டியின் தாங்கு திறனிலிருந்தும் பிறக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடமே நாம் விழித்தெழுந்து வேலை செய்யக் கிடைக்கும் நேரம்.

ஒரு முறை தாண்டினால் போதுமா, தொடர்ந்து தாண்ட வேண்டுமா என்பதும் வரம்பில் அடங்கும். மேட்டூர் அணையின் முழு அளவு 120 அடி. நீர்மட்டம் 120-ஐத் தொட்டதும் மணி, குறைந்ததும் நிறுத்தம் என்று ஒரு கருவி வைத்தால், நிறைந்த அணையில் ஒவ்வோர் அலைக்கும் மணி அடித்து அடித்து ஓயும். 120-இல் அடிக்கட்டும், 119-க்கு வந்த பின்பே நிற்கட்டும் என்றால் அமைதி. ஓடைக்கும் அப்படியே: அறுபதில் எழுந்த மணி நாற்பதுக்கு இறங்கிய பின்பே அடங்க வேண்டும். மேலும், கடந்த அறுபது வினாடியில் எத்தனை வினாடி பிழையுற்றது என்று எண்ணி, மூன்றைத் தாண்டினால் மணி என்பது போன்ற கணக்கு, ஒற்றைத் தும்மலையும் உண்மைக் காய்ச்சலையும் பிரித்துக் காட்டும்.

பொட்டலம் ஒன்றும் தொலையாமலே படம் கெடுவதும் உண்டு. அனுப்புமிடத்திலேயே படம் உறைந்துவிட்டால், உறைந்த படத்தை வலை பழுதின்றிக் கொண்டுவந்து சேர்க்கும்! இதற்காகச் சில கருவிகள் படத்தையே விரித்துப் பார்த்து, இருட்டா, உறைவா, ஊமையா என்று சோதிக்கும். பத்து வினாடி அசையாவிட்டால் மணி என்பது செய்தி அலைவரிசைக்குச் சரி. 2017-இல் தொடங்கப்பெற்ற சுவயம் பிரபா கல்வி அலைவரிசைகளில், ஆசிரியர் ஒரே சமன்பாட்டை ஐந்து நிமிடம் திரையில் நிறுத்தி விளக்குவார். மணி அடித்தால் அவர் மேல் என்ன குற்றம்? சனவரி 30 காலை பதினொரு மணிக்கு நாடு இரண்டு நிமிடம் அமைதி காக்கிறது. அதை நேரே ஒளிபரப்பும் அலைவரிசையைக் கருவி ஊமை என்றே எண்ணும். அலைவரிசையின் குணம் அறிந்தே இவ்வரம்புகளை வைக்க வேண்டும்.

விண்ணும் ஆண்டுக்கு இருமுறை நம்மைச் சோதிக்கிறது. மார்ச்சுத் திங்களிலும், மீண்டும் செப்டம்பர் இறுதியை ஒட்டியும், கதிரவன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னே வரும். சில நாள்கள், நாளுக்குச் சில நிமிடங்கள், கதிரவனின் வானொலி இரைச்சல் அலைவாங்கியில் நிரம்பி ஓடையை மூழ்கடிக்கும். எந்த நாள், எந்த நிமிடம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். அந்த அட்டவணையைக் கருவிக்குக் கொடுத்துவிட்டால், அந்நேரத்துக் குறைகளைப் பதிவு செய்யும், ஆளை அழைக்காது.

மணிகளின் பெருக்கம் வெறும் தொல்லை மட்டும் அன்று. 1979 மார்ச்சு 28-ஆம் நாள் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு மின் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒன்றாக எழுந்தன. எது முதன்மை, எது அதன் விளைவு என்று பிரித்தறிய வழியில்லை. அணுக்கருவைக் குளிர்விக்கும் நீரைப் பணியாளர் தாமே குறைத்துவிட்டனர். கேபிள் அறையில் உயிர்ச்சேதம் இல்லைதான். ஆனாலும் ஒரு கண்ணாடி இழை அறுந்தால் இருநூறு ஓடைகளும் ஒரே நொடியில் நிற்கும். ஓடைக்கு மூன்றாக அறுநூறு மணி அடிக்கும். அறுந்தது ஒன்றே, அடிக்க வேண்டியதும் ஒன்றே. ‘இணைப்பே போய்விட்டால் அதன் மேல் ஓடும் ஓடைகளின் மணியை அடக்கு’ என்னும் கட்டளையை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். பல கருவிகளின் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். இல்லையேல் எது முதலில் கெட்டது என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

கைப்பேசியில் படம் பார்ப்பவர்களுக்கு இவ்வரம்புகள் அப்படியே பொருந்தா. 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. பெங்களூர் இஸ்ட்ராக் நிலையத்திலிருந்து வந்த அக்காட்சியை யூடியூபில் ஒரே நேரத்தில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கண்டனர். அங்கே தொலைந்த மூட்டை திரும்ப அனுப்பப்படும். ஆகவே இழப்பு தாமதமாக மாறும். ஆறு வினாடிக் காட்சித் துண்டை இறக்க ஐந்து வினாடி ஆகிறதென்றால் மஞ்சள் விளக்கு. ஏழு ஆனால் மணி. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

செய்து பார்க்க விரும்பும் நண்பர்கள் விலையுயர்ந்த கருவிக்குக் காத்திருக்க வேண்டா. டிஎஸ்டக் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. இரண்டு கணிப்பொறி, ஒரு சுவிட்சு, ஒரு படக்கோப்பு போதும். ஒன்றிலிருந்து மல்டிகாஸ்டாக அனுப்பி மற்றொன்றில் வாங்குங்கள். வரிசை எண் பிழையை எண்ணவும், வேகம் குறித்த எல்லையை மீறினால் நாம் சொன்ன கட்டளையை ஓட்டவும் அதில் வழி உண்டு. வரம்புகளை எழுதி முடித்ததும், தயங்காமல் கம்பியைப் பிடுங்குங்கள். மணி அடித்ததா, எத்தனை வினாடியில், எத்தனை முறை, யாருடைய கைப்பேசியில் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்பியைச் செருகிவிட்டு, மணி தானே அடங்குகிறதா என்றும் பாருங்கள்.